கிலோமீட்டர் கேட்கும் முன் யூனிட் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பேட்டரி வண்டி வாங்க ஷோரூமுக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏனுங்க, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்ங்க?" என்பதுதான். பதிலும் சட்டென்று வந்துவிடும்: நூறு, நூற்றிருபது. ஆறு மாதம் கழித்து அதே ஆள், அறுபதிலேயே வண்டி படுத்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு வருகிறார். திறந்து பார்த்தால் பல வண்டிகளில் எந்தக் கோளாறும் இருக்காது. பேட்டரி எவ்வளவு பெரியது, திரையில் தெரியும் எண் எதைச் சொல்கிறது என்ற இரண்டையும் வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை உங்கள் வாசகர்களுக்கு எண்களோடு சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், இன்னொன்று ஆம்பியர்-மணி, அதாவது ஏ.எச். இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். வீட்டு ஈ.பி. மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். 48 வோல்ட், 30 ஏ.எச். என்றால் 1,440 வாட்-மணி, ஏறக்குறைய ஒன்றரை யூனிட். 60 வோல்ட், 30 ஏ.எச். என்றால் 1.8 யூனிட். 60 வோல்ட் என்று கேட்டதுமே பெரிய பேட்டரி என்று நினைத்துவிடுகிறார்கள். 60 வோல்ட், 24 ஏ.எச். பேட்டரியும் 48 வோல்ட், 30 ஏ.எச். பேட்டரியும் கொள்ளளவில் ஒன்றே, பெருக்கிப் பாருங்கள். பெட்ரோல் வண்டி வாங்கும்போது டேங்க் எத்தனை லிட்டர் என்று கேட்காமல் இருப்போமா? யூனிட்தான் இந்த வண்டியின் லிட்டர்.

அதிலும் முழுதும் நம் கைக்கு வராது. கடைசிச் சொட்டு வரை இறக்கினால் பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்கள், அதாவது சிறு சிறு பேட்டரிகள், கெட்டுவிடும் என்பதால், உள்ளே இருக்கும் காவல் பலகையான பி.எம்.எஸ். முன்கூட்டியே கதவை அடைத்துவிடும். லித்தியம் பேட்டரியில் சுமார் 90 சதவீதம் ஓட்டக் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகும்? பதிவும் லைசென்ஸும் தேவைப்படாத, மணிக்கு 25 கி.மீ.-க்குள் ஓடும் சிறு வண்டி, ஒற்றை ஆளோடு, சமதளத்தில், காற்றில்லாத காலையில் 14 வாட்-மணி தின்னும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பினால் 20 ஆகிவிடும். 40 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி சமதளத்தில் 24 அளவில் தின்னும். ஒன்றரை யூனிட் பேட்டரியில் கைக்கு வரும் 1,300 வாட்-மணியை 14-ஆல் வகுத்தால் 92 கி.மீ.; 20-ஆல் வகுத்தால் 65. விற்றவர் சொன்ன நூறும் வாங்கியவர் ஓட்டிப் பார்த்த அறுபதும் ஏறக்குறைய இந்த ஒரே கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன.

விளம்பரத்தில் வரும் சான்றளிக்கப்பட்ட தூரமும் பொய்யல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக் கூடங்களில், ஏ.ஐ.எஸ். 040 என்ற விதிமுறைப்படி, வண்டியின் சக்கரத்தை உருளை மேல் வைத்து ஓட்டி எடுக்கிற அளவு அது. இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 22 கி.மீ. அளவே, உச்ச வேகம் 42. உருளைக்கு எதிர்க்காற்று கிடையாது, பள்ளம் கிடையாது, பின்சீட்டில் யாரும் கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட அந்த எண் உதவும். நம் ரோட்டில் எவ்வளவு தூரம் போகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நம் ரோடு என்றால் முதலில் காற்றைச் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் முழுக்கக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுதான் மேற்கே போகும் ஸ்கூட்டரின் நெஞ்சிலும் மோதுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 40 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால், மொத்தம் 60 கி.மீ. காற்று மேலே படுகிறது. ஒன்றரை மடங்குக் காற்று, இரண்டே கால் மடங்கு எதிர்ப்பு. கிலோமீட்டருக்கு 24 வாட்-மணி எடுத்த வண்டி இப்போது 42 எடுக்கும்.

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குச் சுமார் 30 கி.மீ. என்று வைத்து, மேடு பள்ளத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். 60 வோல்ட், 30 ஏ.எச். பேட்டரி, கைக்கு வருவது 1,620 வாட்-மணி. காற்றில்லாத மாசியில் போக 720, வர 720, மொத்தம் 1,440. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆடியில் போகும்போதே 1,260 காலி. பொள்ளாச்சியில் வண்டியை நிறுத்தும்போது மிச்சம் 360. அந்த நேரத்தில் திரையில் "இன்னும் எத்தனை கி.மீ." என்ற இடத்தைப் பார்த்தால் 8 அல்லது 9 என்று காட்டும். பார்த்தவுடன் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்த எண் எப்படி வந்தது? வண்டி கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரில் எவ்வளவு தின்றதோ, அதே கணக்கில் இனியும் தின்னும் என்று வைத்து மிச்சத்தை வகுத்துக் காட்டுகிறது. 360-ஐ 42-ஆல் வகுத்தால் எட்டரை. ஆனால் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். கிலோமீட்டருக்கு 13 வாட்-மணிக்குள் போதும். அதே 360-ல் ஏறக்குறைய 28 கி.மீ. ஓடும். ஊருக்குள் நுழையும் முன் நின்றுவிடும், ஆனால் திரை சொன்னதைப் போல மூன்று மடங்கு தூரம் வந்திருக்கும். எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது என்பதும் இந்தக் கணக்கில் தெரியும்: போக 1,260, வர 380, மொத்தம் 1,640. மாசியைவிட 200 அதிகம். ஆடியில் எதிர்க்காற்றில் போகிறவர் வேகத்தை 40-லிருந்து 30-க்குக் குறைத்தாலே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

மலை ஏறுவோருக்கும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1,500 மீட்டர் உயரம். வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்றால், உயரம் ஏற மட்டும் 900 வாட்-மணிக்கு மேல் போய்விடும். ரோட்டில் உருளுகிற செலவு தனி. மேட்டுப்பாளையத்தில் திரை காட்டும் கிலோமீட்டர் சமதளத்து ஓட்டத்தை வைத்துச் சொல்வது. அதை நம்பி மலை ஏற வேண்டாம்.

இனி, கட்டமும் சதவீதமும். மலிவான வண்டிகளின் திரையில் சார்ஜைக் காட்டும் நான்கைந்து கட்டங்கள் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான் எரிகின்றன. லித்தியம் பேட்டரியில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை என்.எம்.சி.; 48 வோல்ட் என்.எம்.சி. பேட்டரியில் 13 செல் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். நிறைந்தால் 54.6 வோல்ட், 42-ல் கட் ஆகும் என்று வைத்தால் இடைவெளி 12.6. ஐந்து கட்டத்துக்குப் பிரித்தால் கட்டத்துக்கு இரண்டரை வோல்ட். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் 30 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் உள் தடை, அதாவது மின்சாரம் ஓடுவதைப் பேட்டரியே உள்ளுக்குள் தடுக்கும் அளவு, 0.1 ஓம் என்றால் அந்த நேரத்தில் 3 வோல்ட் சரியும். ஒரு கட்டத்துக்கு மேல் போய்விட்டது! மேட்டை ஏறி முடித்துக் கையை எடுத்தால் கட்டம் மறுபடி எரியும். சார்ஜ் தானாக ஏறிவிட்டதென்று யாரும் மயங்க வேண்டாம். நிற்க வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பதுதான் கணக்கு. ஒரே மேட்டில் போன வருடம் ஒரு கட்டம் விழுந்தது, இந்த வருடம் மூன்று விழுகிறது என்றால் உள் தடை கூடியிருக்கிறது. அது பேட்டரி முதுமையின் முதல் அடையாளம்.

இன்னொரு லித்தியம் வகையான எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் இந்தக் கட்டங்களை ஏறெடுத்தும் பார்க்க வேண்டியதில்லை. அதன் வோல்ட் சமதளம் போன்றது. 16 செல் வரிசை கொண்ட பேட்டரியில் 70 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே ஒரு வோல்ட் அளவுதான் வித்தியாசம். 20-க்குக் கீழே போனதும் மளமளவென்று இறங்கும். எனவே அதில் போகிற, வருகிற ஆம்பியரை எண்ணித்தான் சதவீதம் காட்டுகிறார்கள். எண்ணிக்கையில் சிறு சிறு பிழை சேரும். நிறுத்தி வைத்த வண்டியில் திரையும் பலகையும் இழுக்கும் துளி மின்சாரம் கணக்கில் வராமலே போகலாம். பேட்டரி முழுதாக நிறையும்போதுதான் எண்ணிக்கை நேராகும். தினமும் 30-லிருந்து 70 வரை மட்டும் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டுகிறவரின் வண்டி 25 சதவீதம் காட்டும்போதே பொட்டென்று நின்றுபோவது இதனால்தான். எல்.எஃப்.பி. வைத்திருப்போர் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றி, பச்சை விளக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். என்.எம்.சி.க்கு அன்றாடம் 80, 90 போதும்; மாதம் இரண்டு முறை முழுதாக ஏற்றினால் சரி.

அந்தக் கூடுதல் மணி நேரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. வரிசையில் ஒரு செல் மட்டும் பின்தங்கினால், மற்ற எல்லாவற்றிலும் சார்ஜ் இருந்தாலும், அந்த ஒன்று காலியானதும் பலகை மொத்தத்தையும் நிறுத்திவிடும். பெரும்பாலான பலகைகள் செல்களைச் சமன் செய்வது சார்ஜின் உச்சியில் மட்டும். அதுவும் 50 மில்லி ஆம்பியர் போன்ற துளி மின்சாரத்தில். ஒரு ஆம்பியர்-மணி வித்தியாசத்தை இந்த வேகத்தில் சரிசெய்ய 20 மணி நேரம் ஆகும். ஒரே ராத்திரியில் தீராது, பல ராத்திரி வேண்டும். அப்படியும் தீரவில்லை என்றால் அந்தச் செல் போய்விட்டது என்று பொருள்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது "100 சதவீதம்" என்ற எண்தான். தூர் வாராத குளம் கரை தளும்ப நிறைந்து நின்றாலும், பழைய அளவு தண்ணீர் அதில் இருக்காது. பேட்டரியும் அப்படித்தான். மூன்று வருடம் ஓடிய பேட்டரி 100 காட்டும்; அது இன்றைய கொள்ளளவில் நூறு, வாங்கிய அன்றைய கொள்ளளவில் எழுபத்தைந்தாக இருக்கலாம். எவ்வளவு தூர் ஏறியிருக்கிறது என்பதைத் திரை சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே மாட்டுகிற சிறு யூனிட் மீட்டர் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறது. பேட்டரியை முழுதாக ஏற்றி, இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டுக் கழற்றுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, வழக்கமான வழியில், ஒரே ஆளாக, 20 சதவீதம் வரும் வரை ஓட்டுங்கள். வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள். சித்திரை வெயிலில் வந்த பேட்டரி ஆற முக்கால் மணி நேரமாவது வேண்டும். பிறகு மீட்டர் வழியாக ஏற்றி, பச்சை வந்ததும் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் எடுக்கும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் லித்தியம் பேட்டரிக்குள் போய்ச் சேரும். மிச்சம் சார்ஜரில் சூடாகப் போய்விடும். 1.8 யூனிட் பேட்டரியில் 80 சதவீதத்தைத் திருப்பி ஏற்றச் சுவரில் 1.7 யூனிட் ஓடினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 1.3 மட்டும் ஓடினால், 1.3-ஐ 0.85-ஆல் பெருக்கி 0.8-ஆல் வகுங்கள். 1.38 யூனிட். அதாவது கொள்ளளவு 77 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வண்டி வாங்கிய முதல் மாதமே ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வழியில் அளந்தால், வாரன்டி கேட்கும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும். வாரன்டி அட்டையில் "எத்தனை வருடம்" என்பதோடு "எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால்" என்ற வரியும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அந்த வரி இல்லாத அட்டையைக் காட்டி எதையும் கேட்க முடியாது.

லெட் ஆசிட் பேட்டரி போட்ட வண்டிகள் இன்னும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சீட்டில் ஏ.எச். எண்ணுக்குப் பக்கத்தில் சி20 என்று இருந்தால், 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு என்று பொருள். வண்டியில் ஒரு மணி நேரத்தில் இறக்குகிறோம். அப்போது அதில் 60 சதவீதம் அளவே கிடைக்கும். 48 வோல்ட் வண்டியில் நான்கு பேட்டரி. லோடு கொடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தால், 10.5 வோல்ட்டுக்குக் கீழே முதலில் விழுவதுதான் நோயாளி. அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் பழைய மூன்றும் சீக்கிரம் படுத்துவிடும், புதியதையும் இழுத்துக்கொண்டு. நான்கையும் சேர்த்து மாற்றுவதே செலவு குறைவு.

சார்ஜர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்: பிளக் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டு சார்ஜரை மாட்டாதீர்கள். "48 வோல்ட்" என்று இரண்டிலும் போட்டிருக்கும். 13 செல் வரிசை என்.எம்.சி.க்கு 54.6 வோல்ட் சார்ஜர்; 16 செல் வரிசை எல்.எஃப்.பி.க்கு 58.4. சிறியதைப் பெரியதில் மாட்டினால் பேட்டரி உச்சி வோல்ட்டை எட்டாது, சதவீத எண்ணிக்கை நேராகாமல் அலைவீர்கள். பெரியதைச் சிறியதில் மாட்டினால் செல்லுக்கு 4.2-க்குப் பதில் 4.49 வோல்ட் போகும். காவல் பலகை தடுத்தால் பிழைத்தோம். பலகை பழுதாகியிருந்தால் தீ. சார்ஜரின் முதுகில் அவுட்புட் என்று அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டு மாட்டுங்கள். மாடிப்படிக்கு அடியில், வாசலை அடைத்து வைத்து சார்ஜ் போடவும் வேண்டாம்.

பழைய வண்டிக்கு வெளியில் பேட்டரி பேக் கட்டிப் போடுவோர் இப்போது அதிகம். சீட்டில் என்ன எண்ணை வேண்டுமானாலும் ஒட்டலாம், தராசை ஏமாற்ற முடியாது. 48 வோல்ட், 30 ஏ.எச். என்.எம்.சி. பேக்கை 2.6 ஏ.எச். கொண்ட, 18650 எனப்படும் சிறு உருளை செல்லில் கட்டினால் 12 பக்கவாட்டில், 13 வரிசையில், மொத்தம் 156 செல். ஒரு செல் சுமார் 46 கிராம். செல் மட்டுமே 7 கிலோவுக்கு மேல். பெட்டி, பலகை, ஒயர் எல்லாம் சேர்த்தால் 9 கிலோவுக்குக் குறைய வாய்ப்பில்லை. அதே அளவு எல்.எஃப்.பி.யில் செல் மட்டும் 11 கிலோவைத் தாண்டும். கையில் தூக்கிப் பார்த்து 6 கிலோ இருந்தால், 30 ஏ.எச். என்ற சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வண்டியைக் காலியாகவோ நிறைத்தோ பூட்டிவிட்டுப் போகக் கூடாது. பாதி சார்ஜில், தகரக் கொட்டகைச் சூட்டில் படாமல் வைத்துவிட்டுப் போனால் போதும். காலியாக மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியில் பலகையே மிச்சத்தையும் உறிஞ்சி, செல் எழுந்திருக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்றும் பாருங்கள். "சார்ஜ் நிக்கலைங்க" என்று வரும் வண்டிகளில் சில இந்த இரண்டிலேயே சரியாகிவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் வரும் மின்வண்டி விளம்பரங்களிலும் வாகனப் பக்கத்திலும் கிலோமீட்டரைக் கொட்டை எழுத்தில் போடும்போது, அதற்குப் பக்கத்திலேயே பேட்டரி எத்தனை யூனிட், என்.எம்.சி.யா எல்.எஃப்.பி.யா, அந்தத் தூரம் எந்த வேகத்தில் எடுத்தது என்ற மூன்றையும் அதே அளவு எழுத்தில் போடும்படி விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷோரூம் நடத்துவோரும் கொட்டேஷனில் இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

இப்படிக்கு,
மின் ஸ்கூட்டர் பேட்டரி பழுது பார்ப்போர் சிலர்,
சூலூர், கோவை மாவட்டம்.